வாடகை இல்லாத வனாந்தரம்: சின்ன டிரெய்லரோடு போகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் மேற்குப் பாதியில் காசு கொடுக்காமல், ஆறு மாதம் முன்பே பதிவு செய்யாமல் இரவு தங்க இடம் இருக்கிறது. கொஞ்சநஞ்ச இடமல்ல. பி.எல்.எம். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் நில மேலாண்மைத் துறையின் கையில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர்; தேசியக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறையின் கையில் இன்னொரு 19.3 கோடி ஏக்கர். முதல் கணக்கில் மட்டும் ஏழு தமிழ்நாடு அடங்கிவிடும். 1862-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறிகளுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் தருவதாகச் சொன்னது. தண்ணீர் கிடையாது, விளையாது என்று அவர்களும் தொடாமல் விட்ட மேடும் பாலையும்தான் பி.எல்.எம். நிலத்தில் பெரும்பகுதி. மிச்சமிருப்பதைப் பொதுவில் அரசே வைத்துக்கொள்ளட்டும் என்று 1976-இல் இன்னொரு சட்டம் வந்தது. அன்று யாருக்கும் வேண்டாத நிலத்துக்குத்தான் இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டி.

இங்கே கழிப்பறை இருக்காது, குழாய் இருக்காது, குப்பைத்தொட்டி இருக்காது. கூடாரம் மட்டும் வைத்திருப்பவர் எங்கேயும் நுழைந்துவிடுவார். 35 அடி மோட்டார் ஹோம் வைத்திருப்பவர் மண் சாலையைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடுவார். பதின்மூன்று, பதினாறு அடி டிரெய்லர்காரருக்குத்தான் சபலம். ஸ்கேம்ப், கசீட்டா போன்ற உருண்டையான ஃபைபர்கிளாஸ் டிரெய்லரோ, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி தெரிகிற குட்டி டிரெய்லரோ, எதுவானாலும் சின்னதுதானே, போய்விடலாம் என்று தோன்றும். போய்விடலாம். திரும்பி வர வேண்டுமே! கீழே இருப்பதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கவலைதான்.

செய்ய வேண்டியவை

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். வேலி இல்லை என்பதால் பொது நிலம் ஆகிவிடாது. நெவாடாவில் 80-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்திலும் தெற்கு வயோமிங்கிலும் நில வரைபடம் சதுரங்கக் கட்டமாகவே இருக்கும்: ஒரு சதுர மைல் அரசுக்கு, அடுத்த சதுர மைல் தனியாருக்கு. 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் மானியம் கொடுத்ததன் மிச்சம் அது. ஒரே மண் சாலையில் சில மைல் போவதற்குள் பல சொந்தக்காரர்களைக் கடந்திருப்பீர்கள். ஆன்எக்ஸ், கையா போன்ற செயலிகளில் நில உரிமையைத் தனியாகக் காட்டும் வசதி உண்டு. அரசு வரைபடங்களில் வழக்கமான நிறம் பி.எல்.எம். மஞ்சள், காடு பச்சை, தனியார் வெள்ளை, மாநில நிலம் நீலம். இந்த நீலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாநிலத்தின் அறக்கட்டளை நிலம் எல்லோருக்கும் திறந்த நிலமல்ல. அரிசோனாவில் அங்கே தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கொலராடோவில் பெரும்பாலும் உள்ளே நுழையவே முடியாது. டெக்சாஸில் மரத்திலோ கம்பத்திலோ ஊதாக் கோடு தீட்டியிருந்தால் அத்துமீறி நுழையாதே என்று பலகை வைத்ததற்குச் சமம்; சட்டமே அப்படிச் சொல்கிறது. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: உங்கள் மாநிலத்தில் அநேகமாக எல்லாமே தனியார் நிலம். நெவாடாவில் நேர்மாறு, சுமார் 80 சதவீதம் கூட்டரசின் நிலம்.

தேசியப் பூங்காவையும் தேசியக் காட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூங்காவுக்குள் வண்டியோடு தங்குவதென்றால் பெரும்பாலும் கட்டணம், முன்பதிவு, குறித்த மனை. பூங்காவின் எல்லை முடிந்ததும் பல இடங்களில் காடு தொடங்கும். அங்கே அந்தத் தொல்லை இல்லை. பூங்காவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதன் எல்லைக்கு வெளியே என்ன நிறம் என்று பார்ப்பதே தேடலைத் தொடங்க நல்ல வழி.

வனத்துறையின் மோட்டார் வாகன வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். 2005-இல் வந்த விதிக்குப் பிறகு தேசியக் காடுகள், எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்த மாதத்தில் போகலாம் என்று ஒரு கறுப்பு வெள்ளை வரைபடம் வெளியிடுகின்றன. பார்க்க அழகாக இருக்காது. மலை, ஓடை எதுவும் சரியாகத் தெரியாது. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். சாலையில் பலகை இல்லை என்பது சாக்கு ஆகாது. சாலைக் கோட்டின் ஓரத்தில் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்திருந்தால் அங்கே சாலையை விட்டு இறங்கித் தங்கலாம் என்று பொருள். எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது காட்டுக்குக் காடு மாறும்: ஓரிடத்தில் 300 அடி, இன்னோரிடத்தில் 150 அடி, வேறொன்றில் வண்டி நிற்கும் அளவு மட்டும். ஓரக் குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள். அவென்சா செயலியில் இந்த வரைபடங்கள் இலவசம். சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளியாகக் காட்டும்.

இதில் ஒரு குறை. சாலை திறந்திருக்கிறதா என்று சொல்லுமே தவிர, நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. ஜீப் மட்டும் ஏறக்கூடிய பாறைச் சாலையும் டிரெய்லர் போகக்கூடிய சரளைச் சாலையும் அதில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி ஓடும்.

செயற்கைக்கோள் படத்தில், தங்கும் இடத்தைவிடத் திரும்பும் இடத்தைத் தேடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புல் தேய்ந்த வெளிறிய வட்டங்கள் தெரியும். அங்கே பலர் தங்கியிருக்கிறார்கள். நடுவில் கறுப்புப் பொட்டு இருந்தால் நெருப்பு மூட்டிய கல்வளையம். சாலை வட்டமாகச் சுற்றி அதே சாலையில் வந்து சேர்ந்தால் அதுவே டிரெய்லர்காரருக்குச் சொர்க்கம். முட்டுச்சாலையாக மலைச்சரிவில் போய் முடிந்தால், முடிவில் எவ்வளவு அழகான ஏரி இருந்தாலும் வேண்டாம். வண்டியும் டிரெய்லரும் சேர்த்து எத்தனை அடி என்று ஒருமுறை நாடா பிடித்து அளந்து வையுங்கள். செயலியின் அளவுகோலால் அந்த வட்டத்தையும் அளந்து பார்க்கலாம். ஐஓவர்லாண்டர், கேம்ப்பெண்டியம் போன்றவற்றில் முன்னால் போனவர்கள் எழுதியிருக்கும் குறிப்புகளும் உதவும். எழுதியவர் எந்த வண்டியில் போனார், எந்த மாதத்தில் போனார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். எந்த வண்டியும் போகும் என்று எழுதியவர் ஆகஸ்டு மாதத்தில், உயரமான ட்ரக்கில், பின்னால் எதுவும் இழுக்காமல் போயிருப்பார்.

ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். இது பழைய வழி, இன்றைக்கும் சிறந்த வழி. உங்கள் காட்டில் இலவசமாகத் தங்கலாமா என்று பொதுவாகக் கேட்டால், தங்கலாம் என்று பதில் வரும், அதோடு சரி. சாலை எண் சொல்லிக் கேளுங்கள்: இந்தச் சாலையின் முதல் மூன்று மைலில் பதினாறு அடி டிரெய்லர் போகுமா, கடைசியாக எப்போது சமன் செய்தார்கள், கதவு திறந்துவிட்டதா, தீத் தடை எந்த நிலையில் இருக்கிறது? உயரமான காடுகளில் பனி உருகிச் சாலைக் கதவு திறக்க ஜூன்கூட ஆகும். வார நாட்களில்தான் போன் எடுப்பார்கள். வெள்ளி மாலை கிளம்பிவிட்டுக் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு என்று வைத்துக்கொண்டால் முதல் இடம் ஒத்துவராவிட்டாலும் இரண்டாவதைப் பார்க்க நேரம் கிடைக்கும். திட்டத்தில் எப்போதும் இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் இருக்கட்டும். வியாழக்கிழமை போய்ச் சேர்பவருக்குக் கிடைக்கும் மரத்தடி வெள்ளி இரவு வருபவருக்குக் கிடைக்காது.

டிரெய்லரை நிறுத்திவிட்டு, முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் சாலைத் தொடக்கத்தில் பெரும்பாலும் அகலமான இடம் இருக்கும். டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டை வைக்காமல் கொக்கியைக் கழற்றவே கூடாது. பிறகு பூட்டுப் போட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மைலுக்குள் என்றால் நடந்தே போகலாம். கார் ஜன்னலில் தெரியாத பள்ளம் நடக்கும்போது தெரியும்.

பார்க்க வேண்டியவை சில. சாலையைக் குறுக்கே வெட்டும் பள்ளத்தில் காரின் முன்பக்கம் ஏறிவிடும். டிரெய்லரின் பின்பக்கம் தரையில் இடிக்கும், கழிவுக் குழாய் உடைவது அங்கேதான். கிளைகள் எவ்வளவு தாழ்வு? காருக்கு இடிக்காத கிளை டிரெய்லர் கூரையின் காற்றோட்ட மூடியைப் பெயர்த்துவிடும். எதிரே ஒரு வண்டி வந்தால் யார் ஒதுங்குவது, எங்கே ஒதுங்குவது? இறக்கத்தில் சரளைமண் தளர்வாக இருந்தால் இன்னொரு கேள்வி: இறங்கிவிடுவோம், நாளை இதே சுமையோடு ஏறுவோமா?

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றிப் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று. பெரிய டிரெய்லரைவிடச் சின்ன டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது கடினம். நீளம் குறைவானதால் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே அது சட்டென்று மடங்கிக்கொள்ளும். காரின் பின்னால் ஒளிந்துகொள்வதால் கண்ணாடியிலும் தெரியாது, தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். மிக மெதுவாக. கோணம் கெட்டால் வீராப்புக் காட்டாமல் முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி. பின்னால் நின்று வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் கைச் சைகைகளை வீட்டு வாசலிலேயே பேசி வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

சின்ன டிரெய்லருக்கு ஒரு வரமும் உண்டு. சமதரையாக இருந்தால் கொக்கியைக் கழற்றி, முன்சக்கரத்தை இறக்கி, இரண்டு பேர் பிடித்துக் கையாலேயே திருப்பிவிடலாம். பெரிய வண்டிக்காரர் யாராலும் முடியாத வித்தை. சரிவில் மட்டும் முயலவே வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு ஒருமுறை உருளத் தொடங்கினால் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

முதல் சில முறை சுலபமான இடங்களுக்குப் போங்கள். தெற்குக் கலிபோர்னியாக்காரர்களுக்கு அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா இருக்கிறது. மாநிலப் பூங்காவாக இருந்தும் மண் சாலையோரம் இலவசமாகத் தங்க விடுகிற அபூர்வ இடம். அதன் பிளேர் பள்ளத்தாக்கு சின்ன டிரெய்லருக்கு ஏற்றது. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே, 10-ஆம் எண் நெடுஞ்சாலையின் 168-ஆவது வெளிவழியிலிருந்து சில நிமிடத்தில் பி.எல்.எம். நிலம், அழகு கொஞ்சம் கம்மி, நெடுஞ்சாலை இரைச்சல் உண்டு, ஆனால் தரை சமம், திரும்புவது பிரச்சினையே இல்லை. கிராண்ட் கேன்யன் தெற்குக் கரைக்குப் போகிறவர்கள் துசயான் ஊரை ஒட்டிய கைபாப் தேசியக் காட்டின் 302-ஆம் எண் சாலையைப் பார்க்கலாம். பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே தங்கி, காலையில் அரை மணிக்குள் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கலாம். தெற்கு டகோட்டாவில் வால் என்ற ஊருக்குத் தெற்கே பஃபலோ கேப் தேசியப் புல்வெளி, பேட்லாண்ட்ஸ் மேட்டின் உதட்டிலேயே தங்க இடம் தருகிறது. காற்று பலமாக அடிக்கும். விளிம்பிலிருந்து பின்தள்ளி நில்லுங்கள்.

தண்ணீரும் கழிவும்: வரும்போதே கணக்குப் போடுங்கள். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கைகால் கழுவ அதற்கு மேல். நம் சமையலில் அரிசி களைவதற்கே தண்ணீர் போய்விடும். களைந்து காயவைத்த அரிசியோ ரவையோ கொண்டுபோகிறவர்கள் அனுபவசாலிகள். ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு விரையாக நிற்கும், குக்கர் அவசியம். விசில் சத்தம் அரை மைல் கேட்கும் என்பது வேறு விஷயம்.

மலக்கழிவுத் தொட்டி இருந்தால் அதற்கென்று உள்ள நிலையத்தில்தான் திறக்க வேண்டும்; காட்டில் திறப்பது குற்றம். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றி இடத்துக்கு இடம் விதி மாறுகிறது. வாளியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கழிப்பறை இல்லாத டிரெய்லர் என்றால் ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி தோண்ட வேண்டும். ஓடை, ஏரி, நடைபாதையிலிருந்து 200 அடி தள்ளி. காகிதம் பையில் திரும்பி வரட்டும். யூட்டாவில் மோவாப் சுற்றுவட்டாரத்தில் குழிகூடத் தோண்டக் கூடாது, எடுத்துச் செல்லும் கழிப்பறை கட்டாயம்.

கருவிப் பெட்டி. மண்வெட்டி, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னி, அதைக் கழற்றப் பொருந்தும் ஸ்பேனர் (காரின் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தாமல் போவது சாதாரணம்), தரை சமன் செய்யப் பலகைத் துண்டுகள். வரிவரியாக அலை விழுந்த சாலையில் மணிக்குப் பத்து, பதினைந்து மைலுக்கு மேல் போனால் அலமாரித் திருகுகள் கழன்று தரையில் கிடக்கும். இறங்கியதும் ஒருமுறை எல்லாவற்றையும் முறுக்கிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

கைபேசி வழிகாட்டியின் குரலை நம்பிக் காட்டுச் சாலையில் திரும்பாதீர்கள். அதற்குத் தூரம் தெரியும், உங்கள் பின்னால் டிரெய்லர் இருப்பது தெரியாது. தார்ச்சாலை முடியும் இடம்வரை அதன் வேலை. அதற்குமேல் இறக்கி வைத்த வரைபடம். மாட்டிக்கொண்டால் சாலையோர உதவிச் சந்தாக்கள் பராமரிப்பில்லாத மண் சாலைக்குப் பெரும்பாலும் வரமாட்டா. தனியார் இழுவை வண்டியை வரவழைத்தால் அந்த ஒரு ரசீதில் ஒரு வருடத்துக்கான கட்டண முகாம்களில் தங்கியிருக்கலாம். டிரெய்லர் வாடகைக்கு எடுத்திருந்தால் தார்ச்சாலையை விட்டு இறங்கலாமா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். பலவற்றில் கூடாது என்றே இருக்கும்.

காட்டாற்றின் தடத்தில் தங்காதீர்கள். தென்மேற்குப் பாலையில் மணல் பரவிய, சமதரையான, காற்று மறைவான இடம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் வறண்ட ஓடையின் படுகை. உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும். இருபது மைலுக்கு அப்பால் பெய்த மழை இரவில் வந்து சேரும். அரிசோனாவிலும் தெற்கு யூட்டாவிலும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இதற்கான காலம். வைகையிலும் பாலாற்றிலும் திடீர் வெள்ளம் பார்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மழை வரும் என்று தெரிந்தால் களிமண் சாலையில் இருக்காதீர்கள். யூட்டாவின் கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே பகுதியில் காட்டன்வுட் கேன்யன் சாலை காய்ந்திருக்கும்போது சாதாரணக் காரே போகும். நனைந்தால் நாலு சக்கரமும் சுழலும் வண்டியாலும் முடியாது. பென்டோனைட் என்ற களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, சோப்பாக வழுக்கி, சக்கரத்தின் பள்ளங்களை அடைத்துவிடும். தெற்கு டகோட்டாவின் புல்வெளியிலும் இதே மண்தான். முன்னறிவிப்பில் மழை இருந்தால் முந்தின மாலையே சரளைச் சாலைக்கு வந்துவிட வேண்டும். தவறினால் ஒரே வழி, அசையாமல் இருந்து காயவிடுவது. அதற்காகவே இரண்டு நாள் உணவும் தண்ணீரும் கூடுதலாக.

புதிய இடம் உண்டாக்காதீர்கள். ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் நில்லுங்கள். யூட்டாவின் செம்மண் பாலையில் தரையின் மேல் கறுத்த, மொறுமொறுப்பான தோல் படர்ந்திருக்கும். அது அழுக்கல்ல, பாசியும் பூஞ்சையும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணைக் காற்றிலிருந்து காக்கும் உயிர்ப்படலம். ஒரு டயர் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். இலவச இடங்கள் மூடப்படுவதும் இப்படித்தான். கலிபோர்னியாவில் லோன் பைன் ஊருக்கு மேற்கே அலபாமா ஹில்ஸ் நெடுங்காலம் விரும்பிய பாறை இடுக்கில் தங்கும் இடமாக இருந்தது. 2019-இல் தேசிய இயற்கைக்காட்சிப் பகுதியாக அறிவித்த பின் குறித்த இடங்களில் மட்டும், அனுமதிச் சீட்டோடு தங்கலாம் என்று ஆகிவிட்டது. அரிசோனாவில் செடோனா ஊருக்கு மேற்கேயும் அடையாளமிட்ட பகுதிகளில்தான் தங்க முடியும். தவறு விதி போட்டவர்கள்மேல் இல்லை என்பது என் கட்சி.

நெருப்பைப் பழக்கத்தில் மூட்டாதீர்கள். கலிபோர்னியாவில் கூட்டரசு நிலத்தில் கேஸ் அடுப்பு பற்றவைக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். இலவசம், இணையத்தில் சில நிமிடத்தில் கிடைக்கும். தீத் தடையின் முதல் கட்டத்தில் கட்டண முகாம்களின் நெருப்பு வளையத்தில் மட்டுமே விறகு எரிக்கலாம், அதனால் நம்மைப் போன்ற இலவசக்காரர்களுக்கு முதல் கட்டமே முழுத் தடை. இரண்டாம் கட்டத்தில் எங்கேயும் விறகு கூடாது. திருகினால் அணையும் கேஸ் அடுப்புக்கு மட்டும் பொதுவாக விலக்கு. அன்சா-பொரேகோவில் எப்போதுமே இரும்புச் சட்டியில்தான் எரிக்க வேண்டும், சாம்பலும் உங்களோடு திரும்ப வேண்டும். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது. மரம் அரிக்கும் வண்டுகள் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

தீபாவளியை ஒட்டிச் சில நண்பர்கள் ஊருக்குள் வெடிக்க முடியாத மத்தாப்பைக் காட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறார்கள். தேசியக் காட்டிலும் பி.எல்.எம். நிலத்திலும் பட்டாசு எந்நாளும் தடை. கம்பி மத்தாப்பும் அதில் சேர்த்தி. அதனால் தீப்பிடித்தால் அணைத்த செலவையே உங்கள் தலையில் கட்டுவார்கள்.

சாப்பாட்டு வாசனையை வெளியே விடாதீர்கள். வயோமிங்கில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவை ஒட்டிய பிரிட்ஜர்-டீட்டன் காடு கிரிஸ்லி கரடிகளின் நாடு. உணவு, பற்பசை, நாய்த் தீனி, குப்பை எல்லாமே பூட்டிய காரிலோ கரடி திறக்க முடியாத பெட்டியிலோ இருக்க வேண்டும் என்று உத்தரவே உண்டு. பின்பக்கம் அடுப்படி வைத்த குட்டி டிரெய்லருக்கு இது கூடுதல் தலைவலி: சமையலறைக்கும் உங்கள் தலையணைக்கும் நடுவே ஒரு ஒட்டுப்பலகைதான். அங்கே காரை நிறுத்தி, தள்ளிப் போய்ச் சமையுங்கள். கருவாடு வீட்டோடு இருக்கட்டும்.

மாட்டுத் தண்ணீரின் பக்கத்தில் தங்காதீர்கள். இந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விட்டது. தொட்டியோ குட்டையோ இருந்து, பக்கத்தில் நீங்கள் நின்றால் மாடும் மானும் அன்று தண்ணீர் குடிக்க வராது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் கால் மைலுக்குள் அப்படித் தங்குவது அரிசோனாவில் சட்டப்படி குற்றம். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள்.

பட்டா போடாதீர்கள். பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள், பிறகு 25 மைலாவது தள்ளிப் போக வேண்டும். காடுகளில் கணக்கு வேறு வேறு, பிரிட்ஜர்-டீட்டன் காட்டில் ஜாக்சன் ஊர்ப் பக்கம் கோடையில் ஐந்து நாள்தான். நாற்காலி போட்டு இடம் பிடித்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்பது செல்லாது. பத்துக் குடும்பம் சேர்ந்து போவது நம்மவர் வழக்கம், ஒலிபெருக்கியும் வரும். தேசியக் காட்டில் 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருப்பது நம்மை மனதில் வைத்துப் போட்டதல்ல என்றே நம்புகிறேன்.

துல்லியமான இடப்புள்ளியைப் போட்டோவோடு ஊருக்குச் சொல்லாதீர்கள். காட்டின் பெயர் போதும். நண்பர் கேட்டால் தனியாகச் சொல்லுங்கள், கூடவே அந்தப் பள்ளத்தையும் சொல்லுங்கள்.

இருட்டிய பிறகும் தேடிக்கொண்டே போகாதீர்கள். மூன்று இடமும் ஒத்துவரவில்லை என்றால் தார்ச்சாலைக்குத் திரும்பிவிடுங்கள். நெடுஞ்சாலையோர ட்ரக் நிறுத்தங்கள், சில வால்மார்ட்கள், கிராக்கர் பேரல் உணவகங்கள் பலவற்றின் வாகன நிறுத்தம் ஆகியவற்றில் ஓர் இரவு நிற்க விடுவார்கள்; மேலாளரைக் கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள், நாற்காலி எதையும் வெளியே எடுக்காதீர்கள். விளக்கு வெளிச்சமும் லாரிச் சத்தமும் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், முந்தின நாள் தங்கியவர்கள் காலி செய்யும் நேரத்துக்குக் காட்டில் இருப்பீர்கள்.